உயிரைத் தாங்கும் பெல்ட்! பார்த்து வாங்குவது எப்படி?

மும்பை நாக்தேவி தெரு. ஆணி, அரம், சங்கிலி, சுத்தியல் என்று கைத்தொழிலுக்கு வேண்டிய சாமான்கள் குவிந்து கிடக்கும் தெரு. கைவண்டிக்கும் டெம்போவுக்கும் நடுவே ஆள் புகுந்து போவதே ஒரு வித்தை.

அங்கே சில கடைகளின் வாசலில் ஆரஞ்சு நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் பட்டை நாடாக்கள் தொங்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் குதிரைச் சேணம் போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால், அது மனிதனுக்கு மாட்டுகிற சேணம்! உயரத்தில் வேலை செய்கிறவன் கால் தவறினால் பாதி வழியில் பிடித்து நிறுத்துகிற பெல்ட்.

மழை விட்டு, கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கும் பருவம் தொடங்கிவிட்டால் அந்தத் தெருவில் தமிழும் காதில் விழும். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பகுதிகளில் இருந்து பெயின்டர்கள் வருவார்கள். பிளம்பர்கள் வருவார்கள். சாரம் கட்டுகிறவர்கள் வருவார்கள்.

அப்படி இரண்டு பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பெயின்டர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். மற்றவர் அவருடைய தங்கையைக் கட்டியவர், கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. "பெல்ட் நீயே கொண்டு வா" என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பயணம்.

"மாப்ளே, பெல்ட்டுன்னா பெல்ட்டுதானே? இந்த இடுப்புல கட்டுறதே போதும். விலையும் பாதிதான்."

"மச்சான், நீங்க விலையைப் பார்க்கீங்க. அக்காகிட்ட நான்ல பதில் சொல்லணும்!"

மச்சான் சொல்வது சரியா, மாப்பிள்ளை சொல்வது சரியா?

இடுப்பு பெல்ட் வேண்டாம்

மாப்பிள்ளை சொல்வதுதான் சரி.

இடுப்பு பெல்ட் பல காலமாகப் புழக்கத்தில் உள்ளது. மின்கம்பம் ஏறுகிறவர்கள் கம்பத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சாய்ந்து நின்று வேலை பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நிற்பதற்கு உதவுகிற பெல்ட். விழுந்தவனைப் பிடிக்கிற வேலைக்கு அது ஆகாது.

விழுகிற உடம்பை இடுப்பில் மட்டும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? முழு வேகமும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் போய் இறங்கும். உடம்பு இரண்டாக மடியும். உள்ளே இருக்கும் உறுப்புகள் நசுங்கும். தலை கீழாக விழுந்தால் பெல்ட்டில் இருந்து ஆள் நழுவியே போய்விடலாம். தொங்க நேர்ந்தாலும் மூச்சு விட முடியாது.

இந்தக் காரணத்தால் அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல், விழுபவரைத் தடுக்கும் சாதனமாக இடுப்பு பெல்ட்டைத் தொழிலிடங்களில் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. நம் நாட்டில் இந்தச் சாமானுக்கு உள்ள அளவுகோலின் எண் ஐ.எஸ். 3521. அது 2021-ல் புதுப்பிக்கப்பட்டபோது, முழு உடல் பெல்ட்டுக்கென்றே ஒரு தனிப் பகுதி வந்தது.

முழு உடல் பெல்ட்டைக் கடைக்காரர்கள் 'ஃபுல் பாடி' என்கிறார்கள். இரண்டு தோள், மார்பு, இடுப்புக்குக் கீழ், இரண்டு தொடை என்று நாடா சுற்றி வரும். விழும்போது வருகிற இழுப்பு, தொடைக்கும் இடுப்பு எலும்புக்கும் தோளுக்கும் பகிர்ந்து போகும். ஆள் ஏறக்குறைய நிமிர்ந்த நிலையில் தொங்குவான். மூச்சு விடலாம்; கூப்பிடலாம்.

'ஹாஃப் பாடி' என்று ஒன்றும் விற்கிறார்கள். தோளும் மார்பும் இருக்கும். தொடை நாடா இருக்காது. விழுந்தால் கை இரண்டும் மேலே தூக்கிக்கொள்ள, ஆள் அடி வழியாக உருவிக்கொண்டு போகலாம். விலை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை.

ஒரு விநாடிக்குள்

விழுவது எவ்வளவு சீக்கிரம் நடந்துவிடுகிறது என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒரு மாடி உயரம், அதாவது 3 மீட்டர் விழுவதற்கு முக்கால் விநாடிதான் ஆகிறது. தரையைத் தொடும்போது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம். 10 மீட்டர் என்றால் ஒன்றரை விநாடி; வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். "விழும்போது எதையாவது பிடித்துக்கொள்வேன்" என்று சொல்கிற தைரியசாலிக்கு, கையை நீட்டுவதற்குக்கூட நேரம் கிடைக்காது.

சரி, பெல்ட் போட்டாயிற்று, கயிறும் மாட்டியாயிற்று. ஆபத்து போய்விட்டதா? இன்னும் இல்லை.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுகிறார். கயிறு சட்டென்று இறுகி, 5 சென்டிமீட்டருக்குள் அவரை நிறுத்திவிடுகிறது. அப்போது அவர் உடம்பில் விழும் இழுப்பு ஏறக்குறைய 3 டன்! லாரிச் சாமானை அந்த நாடாவில் கட்டித் தொங்கவிட்டது போல. கயிறு அறாமல் இருந்தாலும் உடம்பு தாங்காது.

இந்த இடத்தில்தான் 'ஷாக் அப்சார்பர்' வருகிறது. கயிற்றின் ஒரு முனையில் சின்னப் பொட்டலம் போல இருக்குமே, அதுதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே மடித்து மடித்துத் தைத்த நாடா. ஆள் விழுந்தால் அந்தத் தையல் ஒவ்வொன்றாகக் கிழிந்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஐரோப்பிய அளவுகோல்படி உடம்பில் வரும் இழுப்பு சுமார் 600 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. 3 டன் எங்கே, 600 கிலோ எங்கே!

பொட்டலம் இல்லாத கயிறு மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி மிச்சம் பிடிக்கிற காசு யாருக்கும் உதவாது.

மான் வேட்டைக்காரர்கள் படித்த பாடம்

இந்த பெல்ட்டைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களில் ஒரு கூட்டம் கட்டடத் தொழிலாளர்களே அல்ல என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் மான் வேட்டையாடுகிறவர்கள்!

அங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, அதற்கென்று குறித்த பருவத்தில் மான் வேட்டைக்குப் போகிறார்கள். மரத்தில் 15, 20 அடி உயரத்தில் ஒரு சின்ன மேடையை மாட்டி, விடியும் முன்பே ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நம் ஊரில் இதைப் பரண் என்போம். சங்க காலத்தில் தினைப்புனம் காத்த பெண்கள் ஏறி நின்ற பரணுக்கு 'இதணம்' என்று பெயர். அவர்கள் விரட்டியது கிளியை. வடநாட்டு ஜமீன்களில் புலி வேட்டைக்கு 'மச்சான்' கட்டினார்கள். (நம் பெயின்டர் மச்சானுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் அதற்கு வந்த திருத்தமும் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன.

அமெரிக்க வேட்டைக்காரருக்கு மானால் ஆபத்து இல்லை. துப்பாக்கியால்கூட அவ்வளவு பயம் இல்லை. மேடையில் இருந்து விழுவதுதான் பெரிய பயம். குளிர், இருட்டு, பனி படிந்த ஏணி, பல மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்ததில் வருகிற தூக்கம். போதாதா?

ஆரம்பத்தில் அவர்களும் இடுப்பில் ஒரு கயிற்றைத்தான் சுற்றிக்கொண்டார்கள். பிறகு மார்பில் ஒற்றைப் பட்டை. அப்படிக் கட்டிக்கொண்டு விழுந்தவர்கள் தரையில் மோதாவிட்டாலும், அந்தப் பட்டையிலேயே மூச்சுத் திணறும் அபாயம் இருந்தது. கடைசியில் முழு உடல் பெல்ட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இப்போது அங்குள்ள மேடை தயாரிப்பாளர் சங்கத்தின் விதிப்படி செய்த மேடையை வாங்கினால், அதே பெட்டிக்குள் முழு உடல் பெல்ட்டும் வருகிறது.

அவர்கள் படித்த இன்னொரு பாடம் நம் பெயின்டருக்கு அப்படியே பொருந்தும். மேடையில் உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்களைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் மேடைக்கு மாறும்போதும் விழுகிறவர்கள் நிறைய. அதனால் மரத்தின் உச்சியில் இருந்து தரை வரை ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, கால் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே பெல்ட்டை அதில் மாட்டிவிடுகிறார்கள். ஏற ஏற முடிச்சையும் மேலே தள்ளிக்கொண்டே போவார்கள். திரும்பத் தரையைத் தொட்ட பிறகுதான் கழற்றுவார்கள்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மாடிக்குப் போய், சாரத்தில் இறங்கி, சௌகரியமாக நின்ற பிறகு கொக்கி மாட்டுகிறார்கள். ஒரு தட்டில் இருந்து அடுத்த தட்டுக்கு மாறும்போது கழற்றிவிடுகிறார்கள். விழுகிற நேரம் அதுதான்!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரட்டைக் கயிறு பெல்ட். ஒரு கொக்கியைக் கழற்றும் முன் இன்னொரு கொக்கியை அடுத்த இடத்தில் மாட்டிவிடலாம். எந்த நேரத்திலும் ஒன்றாவது மாட்டியிருக்கும். சாரத்தில் வேலை செய்கிறவருக்கு ஒற்றைக் கயிறு பெல்ட் வாங்குவது அரைகுறை வேலை.

கடையில் எதைப் பார்ப்பது?

முதலில் துணி லேபிள். பெல்ட்டில் தைத்திருக்கும். செய்த கம்பெனி பெயர், செய்த மாதமும் வருடமும், அளவுகோல் எண், தாங்கும் எடை, இவை நான்கும் இருக்கவேண்டும். லேபிளே இல்லாத பெல்ட்டைக் கையால் தொடவேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். எண் இல்லாத வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்! இந்தியத் தர நிர்ணய அமைப்பு 'பி.ஐ.எஸ். கேர்' என்று ஒரு செல்போன் செயலி வைத்திருக்கிறது. அந்த லைசென்ஸ் எண்ணைப் போட்டால், எந்தக் கம்பெனிக்கு எந்தச் சாமானுக்குக் கொடுத்தது என்று காட்டும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். ஆபீசில் வேலை செய்கிற மாப்பிள்ளைகள் செய்யவேண்டிய உதவி இது. ஏற்றுமதிச் சரக்காக இருந்தால் இ.என். 361 என்ற ஐரோப்பிய எண் இருக்கும். அதுவும் முழு உடல் பெல்ட்டுக்கான எண்தான். இ.என். 358 என்று மட்டும் இருந்தால், அது சாய்ந்து நிற்பதற்கான பெல்ட், விழுந்தால் பிடிக்காது.

அடுத்து எடை. பல பெல்ட்டுகளில் 100 கிலோ என்று போட்டிருப்பார்கள். அது ஆளின் எடை மட்டும் அல்ல. பெயின்ட் டப்பா, கருவிப் பை, பூட்ஸ் எல்லாம் சேர்ந்த கணக்கு.

பிறகு தையல். நாடா ஒரு நிறமும் தையல் நூல் வேறு நிறமுமாக இருந்தால் நல்லது. நூல் அறுந்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நாடாவும் நூலும் ஒரே நிறமாக இருந்தால் பழுது கண்ணுக்குப் படாது.

முதுகுப்பக்கம் இருக்கும் 'டி' வளையம் ஒரே வார்ப்பாக, வெடிப்பு இல்லாமல் இருக்கவேண்டும். கொக்கி தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடிய பின் இரண்டு தனித்தனி அசைவு செய்தால் மட்டுமே திறக்கவேண்டும். ஒரு விரல் பட்டவுடன் திறந்துகொள்கிற கொக்கி, சாரத்துக் கம்பில் உரசியும் திறந்துகொள்ளும். கடையில் நின்று பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தால் கடைக்காரர் கோபிப்பார். கோபிக்கட்டும்.

கொக்கியின் வாய் அகலமும் முக்கியம். சின்னக் கொக்கி இரும்புக் குழாய்ச் சாரத்தில் நுழையாது. நுழையவில்லை என்றால் என்ன செய்வார்கள்? கயிற்றையே குழாயில் சுற்றி, கொக்கியைக் கயிற்றின் மேலேயே மாட்டுவார்கள். அதற்கென்று செய்யாத கயிற்றை அப்படி மாட்டினால் அதன் பலம் குறைந்துவிடும். சாரத்துக்கென்று பெரிய வாய்க் கொக்கி தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

கயிறு நீளமாக இருக்கிறது என்று முடிச்சுப் போட்டுக் குறைப்பவர்கள் பலர். ஒரு முடிச்சு விழுந்தால் நாடாவின் பலம் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். நீளம் குறைய வேண்டுமானால், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கயிறு விற்கிறது.

என்ன நூலில் நெய்த நாடா என்று கேட்பவர் குறைவு. கேட்கவேண்டும். நைலான் நாடாவுக்கு ஆசிட் ஆகாது. டைல்ஸ் கழுவ ஆசிட் பயன்படுத்துகிறவர்கள் நைலான் வாங்கக்கூடாது. பாலியஸ்டருக்குக் கடுமையான காரம் ஆகாது. சுண்ணாம்பும் ஈரச் சிமென்டும் பட்டு ஊறினால் கெடும். ஆக, வேலையைச் சொல்லித்தான் பெல்ட் கேட்கவேண்டும்.

பழைய பெல்ட்டை யாராவது சும்மா கொடுத்தால்? வேண்டாம் என்று சொல்வதுதான் நல்லது. ஒரு தடவை விழுந்து பிடித்த பெல்ட்டின் ஆயுள் அன்றே முடிந்தது. பார்வைக்குப் புதிதாகத் தெரியும். உள்ளே நூல் இழுபட்டிருக்கும். அது விழுந்த பெல்ட்டா, விழாத பெல்ட்டா என்று கொடுக்கிறவர் சொன்னால்தான் உண்டு.

மாட்டுகிற விதம்

நல்ல பெல்ட்டையும் தொளதொளவென்று மாட்டிக்கொண்டால் வீண். முதுகு வளையம் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே நிற்கவேண்டும். இடுப்புக்கு இறங்கிவிட்டால் விழும்போது ஆள் முன்னால் கவிழ்வான். மார்புப் பட்டை நடு மார்பில். கழுத்துக்கு ஏறினால் நெரிக்கும். தொடை நாடாவுக்குள் விரித்த கை நுழையவேண்டும். மடக்கிய முஷ்டி நுழையக்கூடாது. இது எளிதான அளவு.

வெயில் காலத்தில் தொடை நாடா உறுத்துகிறது என்று அதை மட்டும் மாட்டாமல் விடுகிறவர்களைப் பல கட்டடங்களில் பார்க்கலாம். பின்னால் வால் போல இரண்டு நாடா ஆடிக்கொண்டிருக்கும். முழு உடல் பெல்ட்டை அரை பெல்ட் ஆக்குகிற கைங்கரியம் அது!

சித்தாள் வேலை செய்யும் பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். சேலைக்கு மேல் தொடை நாடா சரியாக உட்காராது. சேலைக்கு மேல் ஆண் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு செங்கல் சுமப்பவர்களுக்கு, உயரத்தில் வேலை தருவதானால் பேன்ட்டும் தரவேண்டும். அதைவிட, மாடி விளிம்பில் கம்பித் தடுப்பு கட்டிவிட்டால் பெல்ட்டே தேவைப்படாது. உண்மையில் ஆண்களுக்கும் அதுதான் முதல் பாதுகாப்பு. தடுப்பும் வலையும் போட முடியாத இடத்துக்குத்தான் பெல்ட்.

எதில் மாட்டுகிறாய்?

பெல்ட் ஆயிரம் ரூபாயா, ஐயாயிரம் ரூபாயா என்பதைவிடப் பெரிய கேள்வி, கொக்கியை எதில் மாட்டுவது என்பது.

அமெரிக்கத் தொழில் விதி, ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்கும் இடத்தில்தான் மாட்டவேண்டும் என்கிறது. அந்தக் கணக்கோடு நம் கட்டடங்களைப் பாருங்கள். ஜன்னல் கிரில், தண்ணீர்க் குழாய், ஏ.சி. மாட்டிய பிராக்கெட், கயிற்றால் கட்டிய மூங்கில். இவற்றில் எது தாங்கும்? எதுவும் தாங்காது. ஆள் விழும்போது அதையும் பிடுங்கிக்கொண்டு போவான்.

கான்கிரீட் தூண், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் தூண், லிப்ட் அறையின் தூண், இவற்றைச் சுற்றி அதற்கென்று உள்ள பட்டையைப் போட்டு மாட்டலாம்.

ஜூலாவில் தொங்கி வேலை செய்பவருக்கு இரண்டு கயிறு வேண்டும். ஜூலா தொங்கும் கயிறு ஒன்று. பெல்ட் மாட்டும் உயிர்க்கயிறு இன்னொன்று. இரண்டையும் ஒரே தூணில், ஒரே முடிச்சில் கட்டினால் இரண்டு கயிறு என்பதற்கு அர்த்தமே இல்லை. ஒரு தூண் போனால் இரண்டும் போகும். உயிர்க்கயிற்றை வேறு தூணில் கட்டி, பெல்ட்டை அதில் ஓடும் பிடிப்பானில் மாட்டவேண்டும். இறங்கும்போது நழுவிக்கொடுத்து, சட்டென்று இழுபட்டால் கவ்விக்கொள்ளும் சாதனம் அது. கயிறு கைப்பிடிச் சுவரின் விளிம்பில் உரசும் இடத்தில் கனமான சாக்கோ, டயர்த் துண்டோ வைத்துக் கட்டவேண்டும். உரசி உரசியே கயிறு அறுந்துவிடும்.

கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டுவதா, காலடியில் மாட்டுவதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காலடியில் மாட்டினால் 2 மீட்டர் கயிறு முழுதும் கீழே இறங்கும். அப்சார்பர் கிழிந்து 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்தில் இருந்து கால் வரை ஒன்றரை மீட்டர். ஆபத்துக்கு ஒரு மீட்டர் விடவேண்டும். கூட்டிப் பாருங்கள்: 6.25 மீட்டர். இருபதரை அடி!

முதல் மாடியில் நின்று, காலடியில் கொக்கியை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர் விழுந்தால், பெல்ட் பிடிக்கும் முன்பே தரை பிடித்துவிடும். தலைக்கு மேலே, கயிற்றில் தொய்வு இல்லாமல் மாட்டியிருந்தால் சில அடிகளுக்குள் நின்றிருப்பார். மாட்டும் இடம் பக்கவாட்டில் தள்ளி இருந்தால் ஊஞ்சல் போல வீசிச் சுவரில் மோதுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொங்கிய பிறகு

விழுந்தார், பெல்ட் பிடித்தது, உயிர் தப்பியது. கூட்டம் கூடுகிறது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறது. அவர் தொங்கிக்கொண்டே இருக்கிறார்.

அசையாமல் தொங்குவதே ஆபத்து. தொடை நாடா அழுத்த, கால்கள் சும்மா தொங்க, ரத்தம் கால்களிலேயே தேங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். நிமிடக் கணக்கில் மயக்கம் வரலாம். மயங்கியவர் அப்படியே தொங்கினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க வேட்டைக்காரர்களின் பெல்ட்டில் இதற்காக ஒரு சின்ன நாடா வைத்திருக்கிறார்கள். விழுந்தவர் அதை வளையமாகத் தொங்கவிட்டு, அதில் காலை ஊன்றி எழுந்து நிற்பார். தொடையின் மேல் உள்ள அழுத்தம் விட்டுப்போகும். தொழிலாளர் பெல்ட்டுக்கும் அது தனியாகக் கிடைக்கிறது. சின்னப் பை, ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். சுவர் எட்டினால் உதைத்து நிற்கவேண்டும்.

ஆளை எப்படி இறக்குவது, யார் இறக்குவது என்று வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்திருக்கவேண்டும். தனியாக ஒருவர் உயரத்தில் வேலை செய்யக்கூடாது என்பது இதற்காகத்தான். தீயணைப்புப் படைக்கு 101. எதற்கும் 112. இறக்கிய பின் "ஒன்றும் இல்லை, நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

காசு யார் கொடுப்பது?

"பெல்ட் நீயே கொண்டு வா" என்று காண்ட்ராக்டர் சொன்னாரே, அது முறையா?

முறை இல்லை. கட்டடத் தொழிலாளருக்கென்று 1996-ல் தனிச் சட்டம் வந்தது. பல தொழில் பாதுகாப்புச் சட்டங்களை ஒன்றாக்கி 2020-ல் ஒரு தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாப்பு வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்பதில் இரண்டுக்கும் ஒரே பேச்சுதான். பாதுகாப்புக்காகச் செய்வதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று 2020 சட்டம் சொல்கிறது.

ஆனால் நாக்காவில் நின்று, நாலு பேராகச் சேர்ந்து, ஒரு வாரத்துக்கு ஒரு கட்டடம் என்று போகிறவருக்குச் சட்டம் எட்டுவது கடினம். சட்டம் பேசினால் நாளைக்கு அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். அந்தக் கஷ்டம் தெரிந்துதான் நம் பெயின்டர் வாய் பேசாமல் நாக்தேவி தெருவுக்கு வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கட்டடத்துச் சொசைட்டிக்காரர்கள் காண்ட்ராக்டரிடம் பெயின்ட் கம்பெனியின் பெயரை எழுதி வாங்குகிறார்கள். எத்தனை கோட் என்று எழுதி வாங்குகிறார்கள். பெல்ட்டும் உயிர்க்கயிறும் உண்டா என்று ஒரு வரி எழுதி வாங்கினால் குறைந்துபோக மாட்டார்கள். அந்தச் சொசைட்டிகளில் காரியதரிசிகளாகத் தமிழர்களும் இருக்கிறார்கள்.

18 வயது முதல் 60 வயதுக்குள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர், நல வாரியத்தில் பெயர் பதியலாம். வேற்று மாநிலத்தவர் என்பது அதற்குத் தடை இல்லை. 90 நாள் சான்றிதழ் வாங்குவதுதான் பாடு. அதற்கும் ஒரு குமாஸ்தா மாப்பிள்ளையின் பேனா உதவும்.

அரை அடி உயரத்தில்

நம் இருவரும் இரட்டைக் கயிறு, பெரிய கொக்கி, அப்சார்பர் வைத்த முழு உடல் பெல்ட் ஒன்றை வாங்கிவிட்டார்கள். பில்லும் வாங்கினார்கள். இடுப்பு பெல்ட்டைப் போலப் பல மடங்கு விலை. தீபாவளிச் சட்டை இந்த வருஷம் ஒன்றோடு நின்றது.

வீட்டில் நல்ல ஆணியில் மாட்டி, நிழலில் வைக்கவேண்டும். ஈரத்தோடு சுருட்டி பெயின்ட் டப்பாவில் போடக்கூடாது. அழுக்கானால் சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயில் படாமல் காயவைக்கவேண்டும். மும்பையின் கடற்காற்றுக்குக் கொக்கியின் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒவ்வொரு காலையும் திறந்து பார்க்கவேண்டும். நாடாவை வளைத்து, கிழிசலோ தீப்பட்ட தடமோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். இரண்டு நிமிட வேலை.

அதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மாப்பிள்ளை அதையும் விடவில்லை. வேலை நடக்கும் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் ஒரு கான்கிரீட் உத்தரம். அதில் பட்டையைச் சுற்றி, கொக்கியை மாட்டி, மச்சானை ஒரு ஸ்டூலில் ஏற்றி, தான் பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்டூலை மெல்ல நகர்த்துகிறார். தரைக்கு அரை அடி மேலே மச்சான் தொங்குகிறார். சுற்றி நின்ற பையன்கள் சிரிக்கிறார்கள்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"இடது தொடையில மட்டும் இறுக்குது மாப்ளே. வலது பக்கம் தொளதொளன்னு கிடக்கு. முதுகு வளையமும் ஒரு பக்கமா இழுக்குது."

ஸ்டூல் திரும்பவும் காலடிக்கு வருகிறது. வலது நாடாவை இரண்டு அங்குலம் இறுக்குகிறார்கள். மார்புப் பட்டையை ஒரு விரற்கடை இறக்குகிறார்கள்.

"இப்ப எடு மாப்ளே ஸ்டூலை."